நீலம் பிடிக்காத இடம்

சொந்தக்காரர் யாராவது புது பைக் வாங்கினால், அன்புக்கரசியை அங்கே அழைத்துக்கொண்டு போவதற்கு அவள் புருஷன் பாரி ரொம்ப யோசிப்பான். போனதும் அவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கிப் போகிற திசையில் பார்ப்பாள். பிறகு ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் வைத்து, "இங்க தூசி உக்காந்துகீது, பாருங்க" என்பாள். வண்டிக்கு மாலை போட்டு நிற்கிற ஆளின் முகம் சுண்டிப்போகும். அவள் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கண்ணில் பட்டது, சொன்னாள், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். மணலிப் பக்கம் லாரி கேபின்களுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிற கம்பெனி ஒன்றில், வரிசையின் கடைசியில் நிற்கிறவள் அவள். இரண்டு பக்கமும் தலைக்கு மேலேயும் வெள்ளை விளக்கு எரிகிற நீளமான அறை. பெயிண்ட் காய்ந்த கேபின்கள் அதற்குள் மெல்ல ஊர்ந்து வரும். உறை போட்ட கையால் தடவிப் பார்ப்பாள். பெயிண்ட் வழிந்திருந்தாலும், தூசி ஒட்டியிருந்தாலும், ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் ரோஸ் பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த கேபின் பக்கத்துக் கொட்டகைக்குப் போகும். அங்கே காலித் பாயும் அவர் கூட்டமும் தேய்த்துச் சரிசெய்வார்கள். வட்டம் விழாதது நேரே வெளியே போய்விடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கிற வேலை. மகள் இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள் என்றால் எத்தனை கேபின் பார்த்திருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

புருஷன் பாரிக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், தகடு வெட்டுகிற பட்டறையில் வேலை. பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. எர்ணாவூர் வாரிய வீட்டுக்குக் குடிவந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய கூட்டாளிகளைத் தேடிப் போய்விடுவான். அவர்களுக்கு ஒரு பாட்டுக் குழு உண்டு. பாடுகிறவன் மணி, பட்டறையிலும் பாரிக்குக் கூட்டாளி. கிட்டார் பாரியுடையது. பாரியுடையது என்று சொன்னேனே தவிர, அது ஒரு தோஸ்துடைய கிட்டார். அந்தத் தோஸ்து மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"நாமே ஒண்ணு செஞ்சா இன்னா?" என்று பாரி கேட்டது அப்போதுதான். கப்பலில் வருகிற இரும்புத் தகட்டுச் சுருள்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்த கட்டைகள் பட்டறை மூலையில் கிடக்கும். எந்த நாட்டு மரமோ, இளமஞ்சளாக, ரேகை நெருக்கமாக இருந்தது. அதில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி ஒட்டி, தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து கிட்டார் உருவத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தான். கழுத்துப் பகுதியை உடைந்துபோன பழைய கிட்டாரிலிருந்து எடுத்தான். எலக்ட்ரிக் கிட்டாருக்கு வேண்டிய ஒயர் சாமான்கள் கூரியரில் வந்தன. வேலை முடிந்து வந்து, மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, அந்தச் சாமான்கள் உட்கார உளியால் குழி தோண்டிக்கொண்டிருப்பான். நடுவில் ஒரு மாதம் உளியைத் தொடவில்லை. மணிக்குப் பட்டறையில் அடிபட்டுக் கால் விரல்கள் போன சமயம் அது. பிறகு மறுபடி உட்கார்ந்தான்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அந்தக் கட்டையைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தான். "என் வேல முடிஞ்சிச்சு. கலர் உன்து. பெயிண்ட் கம்பெனிக்காரி வூட்ல கீறப்ப நான் ஏன் தொடணும்?"

அன்புக்கரசி சிரித்துக்கொண்டாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூட அவள் பிரஷ் பிடித்ததில்லை. மற்றவர்கள் அடித்த பெயிண்டில் குற்றம் பார்த்தவளே தவிர, அடித்தவள் இல்லை. அதைப் புருஷனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

என்ன நிறம் என்று பேச்சே எழவில்லை. நீலம்தான். மர ரேகையை மூடாமல், ரேகை வழியாகவே தெரிகிற நீலம் வேண்டும் என்று மட்டும் பாரி சொன்னான். பாரிமுனைக்குப் போய், ஸ்பிரிட்டில் கரைகிற சாயப்பொடி வாங்கி வந்தாள். பனியன் துணியைச் சுருட்டி, சாயத்தில் நனைத்து, மரத்தில் இழுத்தாள். துணி போன வழியெல்லாம் மரம் பச்சையாகிக்கொண்டே வந்தது. மஞ்சள் மரத்தில் நீலம் ஏறினால் வேறு என்ன வரும்?

"கிளி கணக்கா கீதே!" என்று பாரி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தன் கையால் முதல்முறை செய்த காரியம் கெட்டுப்போனதில் அவளுக்குக் கோபம் வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பச்சை முழுக்கப் போகவில்லை, ரேகைக்குள் தங்கிவிட்டது. அடுத்த தடவை நீலத்தில் கொஞ்சம் ஊதாப்பொடி கலந்து, வேண்டாத துண்டு ஒன்றில் இழுத்துப் பார்த்து, அப்புறம் கட்டையில் இழுத்தாள். இந்த முறை வந்தது நீலம். மேலே வெளிச்சமாக, ரேகைக்குள் கருத்து, எர்ணாவூர்க் கடல் காலையில் காட்டுகிற மாதிரி ஒரு நீலம்.

ஓர் இடத்தைத் தவிர.

அடி வளைவில், உள்ளங்கை அளவுக்கு, சாயமே ஏறவில்லை. வெளிறிப்போய், தேமல் மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை சாயத்தைத் தேய்த்தாள், ஒட்டாமல் அப்படியே வழுக்கி ஓடியது. நகத்தால் கீறிப் பார்த்தாள். மரப்பசை. யாரோ அங்கே ஒரு வெடிப்புக்குள் பசையும் மரத்தூளும் அடைத்து, மேலே மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பாரிதான்.

காலை டூட்டிக்கு நேரமாகிவிட்டது. பாரி தூங்கிக்கொண்டிருந்தான். கைப்பையிலிருந்த ரோஸ் பென்சிலை எடுத்தாள். வெளிறிய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போனது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டை அந்த இடத்தில் இல்லை. பாரி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"கிட்டார் எங்கய்யா?"

"பரண் மேல."

"வேலையே முடியல. ஏன் தூக்கி வெச்ச?"

"ரிஜெக்ட் ஆன சரக்க எங்க வெப்பாங்க? ஓரமாத்தான வெப்பாங்க?"

அவளுக்குப் புரிந்தது. "அங்க கலர் புடிக்கல. காட்டத்தான் போட்டேன்."

"காட்டணும்னா வாயால சொல்லு. எழுப்பிச் சொல்லு. நான் இன்னா உன் லைன்ல வர்ற கேபினா? வட்டத்தப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்க?"

"நீ பசைய அடைச்சத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன்ல?"

கத்தியைக் கீழே வைத்தான். "சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றான். பிறகு காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டான்.

அவர்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் போட்டுத் தீர்ந்துபோகிற சண்டைதான். இது அப்படித் தீரவில்லை. இருவரும் சாப்பிட்டார்கள், மகளிடம் போனில் பேசினார்கள், தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்கினார்கள். கிட்டார் பற்றிய பேச்சு மட்டும் பரண் மேல் போய்விட்டது.

வேலையில் நின்றாலும், 'நான் இன்னா உன் லைன்ல வர்ற கேபினா' என்று பாரி கேட்டது அவள் காதிலேயே இருந்தது. கேபினில் வட்டம் போடும்போது கை ஒரு கணம் நின்றது. டீ இடைவேளையில் காலித் பாய் வாளி மேல் உட்கார்ந்து பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். அவளைவிட இரண்டொரு வயது சின்னவர். ஆனாலும் அவளுக்கு பாய்தான், அவருக்கு இவள் அக்காதான். பக்கத்தில் போய் நின்றாள்.

"பாய், நான் போடற வட்டத்தப் பார்த்தா உங்களுக்குக் கோவம் வருமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாக்கா திடீர்னு?"

"சொல்லுங்க."

"மொத வருசம் வந்துச்சு. மனசுக்குள்ளயே திட்டுவேன், கண்ணா அது, பூதக்கண்ணாடியான்னு. அப்புறம் பழகிடுச்சு. தப்பு இருந்தா வட்டம், சரிதான்." பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணுக்கா. நல்லா இருக்கற கேபின் உங்களத் தாண்டிப் போய்க்கினே இருக்குது. அதுல ஒரு குறியும் இல்ல. நல்லா இருந்ததால உட்டீங்களா, பாக்காம உட்டீங்களான்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

பார்க்காமல் ஒன்றைக்கூட விட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். அந்த நீலம் சரியாக வந்த அன்றைக்கு மேல் பாதியை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்? பாரி குடைந்த குழிகளின் ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்ததே, தடவித் தடவிப் பார்த்தாளே. அதையெல்லாம் அவனிடம் சொன்னாளா? சொல்லவில்லை. கட்டையில் அவள் விட்டுப்போனது அந்த ஒரு வட்டம்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து கட்டையை இறக்கினாள். வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பாரி வந்தபோது அது கட்டில் மேல் கிடந்தது.

"குழி தோண்டின பாரு, அந்த ஓரமெல்லாம் அவ்ளோ சுத்தமா கீது," என்றாள். "அன்னைக்கே பார்த்தேன். சொல்லல."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தான். பிறகு அந்த வெளிறிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"மணிக்கு அடிபட்ட அன்னிக்கு ஆனது இது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தூக்கம் வரல, உளிய எடுத்துகினு உக்காந்தேன். நெனப்பு ஆஸ்பத்திரியிலேயே இருந்துச்சு. உளி வழுக்கி, அந்தாண்ட வரைக்கும் பொளந்துகிச்சு. பசைய ஊத்தி இறுக்கிக் கட்டிட்டேன்."

"அதச் சொல்றதுக்கு இன்னா?"

"இன்னும் கீது." அவன் அவளைப் பார்க்கவில்லை. "தகட்டுக் கட்ட கிரேன் எறக்கும்போது ஓரத்தப் புடிச்சுகினு நின்னது நானு. அப்பதான் போன் வந்துச்சு. மணி வந்து என் எடத்துல கைய வெச்சான். நான் இந்தாண்ட வந்து போன எட்த்தேன். கட்டு சரிஞ்சிடுச்சு."

அன்றைக்குப் பகலில் அவள் அவனுக்குப் போன் செய்தாள். மகளுக்கு ஹாஸ்டலில் காய்ச்சல் என்று சொல்ல. பாதியிலேயே அந்தப் பக்கம் ஏதோ கூச்சல் கேட்டு, போன் கட்டாகிப்போனது. பிறகு மணியைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனாள், அவன் பெண்சாதி புஷ்பவல்லியோடு உட்கார்ந்து அழுதாள். அந்தப் போனையும் மணிக்கு அடிபட்டதையும் ஒன்றாக வைத்து அவள் யோசித்ததே இல்லை.

"நான் பண்ண போனா?"

"உன் போன்தான். அதனாலதான் சொல்லல. சொன்னா நீயும் தூக்கமாட்டாம தூக்கிகினு திரிவ."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே எங்கேயோ குழந்தைகள் பந்து விளையாடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்று, மறுபடி ஆரம்பித்தது.

"சரி, இந்த எடம் இப்டியே இருக்கட்டுமா?" என்று கடைசியில் கேட்டாள். அதைத்தான் அவன் விரும்புவான் என்று நினைத்தாள்.

"வேணாம்," என்றான் உடனே. "மறைச்சுடு. வாசிக்கறப்பல்லாம் அதப் பாக்க என்னால முடியாது."

குற்றத்தைக் கண்டுபிடிக்கிறவள் முதல்முறையாகக் குற்றத்தை மறைக்க உட்கார்ந்தாள். எப்படி என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுக் காலித் பாயிடமே கேட்டாள். "எனக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாது பாய்" என்று அவள் சொன்னபோது அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பசை இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது, நிறத்தை லாக்கர் என்கிற பளபளப்பு வார்னிஷில் கலந்து மேலேதான் உட்காரவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரே பூச்சாகப் பூசக் கூடாது, மெல்லிய பிரஷால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும், ரேகை போகிற வழியிலேயே வைக்க வேண்டும், சாயத்து மேல் துணி வைத்துத் துடைத்தால் எல்லாம் கலைந்துவரும், மேல் பூச்சுக்கு லாக்கர் ஸ்பிரே டப்பாதான், இவ்வளவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். ஒரு ரேகை, அதற்கு அடுத்த ரேகை. பச்சை தங்கிய இடத்தில் துளி பச்சை, கருத்த இடத்தில் துளி கருப்பு. கண்ணை இடுக்கிப் பார்ப்பாள், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பாள். தேமல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது.

அடுத்த தொல்லை தூசி. எர்ணாவூரில் காலையில் துடைத்த பால்கனியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரித்தூள் வந்து விழும். ஈர லாக்கரில் அது ஒட்டினால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? குளியலறைத் தரையை நனைத்து, கதவை மூடி, உள்ளே கட்டையைத் தொங்கவிட்டு ஸ்பிரே அடித்தாள். தூசி ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் காய்ந்ததும் நீலத்தின் மேல் பால் ஆடை மாதிரி வெண்மை படர்ந்திருந்தது. ஈரக்காற்று லாக்கருக்குள் போய்விட்டது. கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாரிதான் வழி கண்டுபிடித்தான். மகள் வேலூர் போகும்வரை படுத்துவந்த அறையில் கொசுவலையைக் கட்டி, சுற்றிலும் துவைத்த போர்வைகளைத் தொங்கவிட்டான். வெயில் காய்கிற ஒரு மத்தியானம், கடற்காற்று வருவதற்கு முன்னால், இருவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். அவன் கட்டையைக் கம்பியில் பிடித்து மெல்லத் திருப்ப, அவள் ஸ்பிரே அடித்தாள். புது லாக்கர் பட்டதும் பழைய வெண்மை கரைந்து, அடியிலிருந்த நீலம் திறந்துகொண்டு வந்தது.

"ஹே!" என்றான் பாரி, துணிக்குள்ளிருந்து.

"ஆடாத. கைய ஆட்டாத," என்றாள். அப்புறம், "நல்லா திருப்பற" என்றும் சொன்னாள்.

நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் போட்டுத் தேய்த்து, கடைசியில் பருத்தித் துணியால் மெருகு ஏற்றினாள். முகம் தெரிந்தது. வெள்ளை டியூப் லைட்டுக்கு அடியில், தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்த்தால், அடி வளைவில் அந்த இடம் அவள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்தது. பென்சிலைத் தேடவில்லை. துணியை மடித்து வைத்தாள்.

வியாசர்பாடியில் பாரியின் கூட்டாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் அந்தக் கிட்டார் முதல்முறையாக மேடை ஏறியது. மணி நாற்காலியில் உட்கார்ந்து பாடினான். ரொம்ப நேரம் நிற்க முடியாது. அன்புக்கரசி புஷ்பவல்லியோடு பின்வரிசையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பாரியின் மார்பில் நீலமாக ஏதோ மின்னுவது மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் பாட்டில் ஒரு கம்பி சுருதி இறங்கியது, மணி பாடிக்கொண்டிருக்கும்போதே பாரி முறுக்கிச் சரிசெய்துகொண்டான். ஜனங்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து, மணி கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "அண்ணி, சோக்கா கீது. ஒரு சின்னக் குறைகூட சொல்ல முடியல."

அன்புக்கரசி வாயைத் திறக்கவில்லை. பாரிதான் குனிந்தான். மணியின் கைக் கட்டைவிரலைப் பிடித்து அடி வளைவில் அந்த இடத்தில் வைத்தான். சுற்றிலும் நாற்காலிகளை அடுக்குகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, உளி வழுக்கினதையும், போன் வந்ததையும், தன் இடத்தில் அவன் வந்து நின்றதையும் சொல்லிவிட்டான். புஷ்பவல்லி இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மணி கட்டைவிரலை எடுக்கவில்லை. "போன் அடிச்சுகினே கீது, போய்ப் பேசுடா, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னது யாரு? நான்தான?" என்றான். "உனக்கு அது ஞாபகமே இல்லயா?"

"இல்ல," என்றான் பாரி.

"சொன்னேன்டா. நீ ரெண்டு தபா வேணாம்ன." மணி தன் காலைப் பார்த்தான். "எனக்கும் கோவம் வந்துச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன். படுத்துகினு இருந்தப்ப வந்துச்சு. உன் மேலயா, கிரேன்காரன் மேலயான்னு தெரியாமலே வந்துச்சு. இப்ப இல்ல. இப்ப போய் எனக்கு இன்னொரு கப் பாயாசம் வாங்கிகினு வா."

பாரி போனான். புஷ்பவல்லி இலையைப் போடப் போனாள். திரும்பி வந்து அன்புக்கரசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது அந்தக் கிட்டாரில் பாரியின் முழங்கை படுகிற இடம் மெருகு குறைந்திருக்கிறது. மறுபடி தேய்த்துத் தரட்டுமா என்று கேட்டால், அடுத்த நிகழ்ச்சி முடியட்டும் என்கிறான், அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. அன்புக்கரசி அதே வெள்ளை விளக்கு அறையில்தான் நிற்கிறாள், வட்டமும் போடுகிறாள். நன்றாக வந்த கேபின் தாண்டும்போது கொட்டகைப் பக்கம் திரும்பி, "பாய், இது அருமையா கீது!" என்று கத்துகிறாள். முதல் சில நாள் எல்லாரும் சிரித்தார்கள். காலித் பாய் மட்டும் வேலையை விட்டு வெளியே வந்து, போகிற கேபினை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.